"நோட்டீசு கொடுத்தீர்களா?" – மாநகராட்சி வக்கீல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி

பம்பாயில் மழைக்காலம். 1981–ம் ஆண்டு ஜூலை மாதம் 23–ந் தேதி.

நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டி ஒரு குடும்பம் வசித்து வந்தது. கணவன், மனைவி, பெண் பிள்ளைகள். மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். குடும்பத்தையே ஒரு பஸ்சில் ஏற்றினார்கள்.

பஸ் எங்கே போனது தெரியுமா? நம் சேலத்துக்கு!

அந்த மனிதர் சேலத்துக்காரர். சொந்த நிலம் ஒரு காணி கிடையாது. வறட்சி வந்தது, கூலி வேலையும் போயிற்று. பிழைப்புத் தேடி பம்பாய்க்குப் போனார். தகிசர் பகுதியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை கிடைத்தது. நாள் கூலி 23 ரூபாய்.

அந்த நடைபாதை இடமும் சும்மா கிடைத்ததல்ல. பேட்டை தாதா ஒருவன் 2 ஆயிரத்து 500 ரூபாய் கறந்துகொண்டுதான் இடம் விட்டான். கணக்குப் போட்டால் நூறு நாள் கூலிக்கு மேல்!

பஸ்சில் போன மனைவியும் மகள்களும் சேலத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் திரும்பவும் பம்பாய் வந்து சேர்ந்தார். திரும்பவும் நடைபாதைதான். வேலை அங்கேதானே இருக்கிறது?

இந்த முறை அவர் சும்மா இருக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்கே மனுப் போட்டார். அவரோடு மற்ற நடைபாதைவாசிகளும், ஓல்கா டெல்லிஸ் என்ற பெண் பத்திரிகையாளரும் சேர்ந்துகொண்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் அது "ஓல்கா டெல்லிஸ் வழக்கு".

ஏழைகளுக்காக வாதாடியவர்கள் பெரிய பெரிய வக்கீல்கள். இந்திரா ஜெய்சிங், வி.எம்.தார்குண்டே, ராம் ஜெத்மலானி. அவர்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

எதிர்ப் பக்கம் ஒருவர் எழுந்து நின்றார். பம்பாய் மாநகராட்சியின் வக்கீல் கே.கே.சிங்வி. அவர் வேலை என்ன? குடிசையைப் பிரித்தது சரிதான் என்று சொல்ல வேண்டும். அதுவும் ஐந்து நீதிபதிகள் முன்னால்!

யாருடைய வக்கீல்?

மாநகராட்சி வக்கீல் என்றால் மேயருடைய வக்கீல் என்று பலர் நினைக்கிறார்கள். கமிஷனருடைய வக்கீல் என்று கமிஷனரே சில சமயம் நினைப்பது உண்டு. இரண்டும் இல்லை.

சட்டத்தின் கண்ணில் மாநகராட்சி என்பது தனி ஆள் மாதிரி. அதன் பெயரில் வழக்குப் போடலாம். அதன் மேலும் வழக்குப் போடலாம். மேயர் மாறுவார், கமிஷனர் மாற்றலாகிப் போவார். மாநகராட்சி அப்படியே இருக்கும். வக்கீலுக்குக் கட்சிக்காரர் அதுதான்.

இதனால் அவருக்கு ஒரு சங்கடம். தெருவில் பள்ளம் இருக்கிறது என்று வழக்குப் போடுகிற வார்டுக்காரரும் மாநகராட்சிக்கு வரி கட்டுகிறவர்தான். அவரை எதிர்த்து வாதாட வக்கீலுக்குக் கொடுக்கிற பீசும் அந்த வரிப் பணத்திலிருந்துதான் போகிறது!

கோர்ட்டில் நிற்பது அவர் வேலையில் கால்வாசிதான். மீதி எல்லாம் பைல். டெண்டரில் இந்த நிபந்தனை செல்லுமா, இந்தத் தீர்மானத்தை மன்றம் போடலாமா, கட்டடத்துக்கு சீல் வைத்தால் மறுநாளே ஐகோர்ட்டில் தடை வாங்கிவிடுவார்களா என்று கேட்டுக் கட்டுக் கட்டாக வரும். தடை வாங்குவார்கள் என்று பட்டால் முன்கூட்டியே "கேவியட்" போட்டு வைப்பார். எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று கோர்ட்டுக்குச் சொல்லி வைக்கும் மனு அது.

அதிகாரிகளோடு அவருக்கு நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்:

"சார், அந்தப் பிளாட்பாரக் கடையை நாளைக்கே எடுத்துடலாமா?"

"நோட்டீசு கொடுத்தாச்சா?"

"வாயால சொல்லியாச்சு சார்."

"வாயால சொன்னதுக்கு ஜட்ஜ் முன்னால நான் என்னய்யா காட்டறது? எழுத்துல கொடு. கையெழுத்து வாங்கு. வாங்க மாட்டேன்னா கதவுல ஒட்டி போட்டோ எடுத்துட்டு வா."

எதிரி வக்கீலிடம் தோற்பதை விட சொந்த ஆபீசின் அவசரத்தால் தோற்பதுதான் அதிகம் என்று கோர்ட்டு வராந்தாவில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது.

"நோட்டீசு வேண்டாம்" என்று சட்டமே சொன்னால்?

பம்பாய் வழக்கில் சிங்வியின் கையில் பலமான ஆயுதம் இருந்தது. 1888–ம் ஆண்டு பம்பாய் மாநகராட்சிச் சட்டம், 314–வது பிரிவு. நடைபாதை ஆக்கிரமிப்பை நோட்டீசு இல்லாமலே கமிஷனர் அகற்றலாம் என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறது.

சிங்வி அதைத்தான் பிடித்துக்கொண்டார். நடைபாதை என்பது ஜனங்கள் நடக்க. அங்கே குடிசை போட யாருக்கும் உரிமை இல்லை. "ஏன் அகற்றக் கூடாது?" என்று நோட்டீசு கொடுத்தால் அவர்கள் என்ன பதில் சொல்லிவிட முடியும்? ஆகவே எந்த வழக்கிலும் நோட்டீசு தேவையே இல்லை என்று சட்டசபை நினைத்திருக்கலாம் என்பது அவர் வாதம்.

இன்னொரு பிடியும் இருந்தது. பம்பாய் ஐகோர்ட்டில் வழக்கு நடந்தபோது நடைபாதைவாசிகள் தரப்பில் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டார்கள். நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை இருப்பதாகச் சொல்லவில்லை, 1981 அக்டோபர் 15–ந் தேதிக்குப் பிறகு இடிப்பதைத் தடுக்க மாட்டோம் என்று! அங்கே ஒன்று சொல்லிவிட்டு இங்கே வேறு பேசலாமா என்று மாநகராட்சி தரப்பு கேட்டது.

நியாயமான கேள்விதான். எந்த வக்கீலும் கேட்டிருப்பார்.

தீர்ப்பு வந்தது 1985 ஜூலை 10–ந் தேதி. தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் ஓய்வு பெறுவதற்கு ஒரு நாள் முந்தி. பெஞ்சில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ.வரதராஜனும் ஒருவர். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியான முதல் மனிதர் அவர்தான்.

வாக்குக் கொடுத்த விஷயத்தை கோர்ட்டு ஒரே அடியில் தள்ளிவிட்டது. அரசியல் சட்டம் கொடுத்த உரிமையை யாரும் விட்டுக்கொடுத்துவிட முடியாது. வக்கீல் ஒப்புக்கொண்டார் என்பதற்காக அது போய்விடாது என்றது.

அடுத்தது பெரிய விஷயம். உயிர் வாழும் உரிமை என்றால் பிழைப்பும் அதில் அடக்கம். பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்த மாதிரிதான் என்று சொன்னது கோர்ட்டு. நடைபாதையை விட்டு விரட்டினால் வேலையும் போய்விடும் என்ற சேலத்துக்காரரின் கதை அங்கே எடுபட்டது.

314–வது பிரிவு என்ன ஆயிற்று? செத்துவிட்டதா? இல்லை! இங்கேதான் வக்கீல்கள் இன்றும் ரசித்துப் படிக்கும் இடம். "நோட்டீசு இல்லாமல் அகற்றலாம்" என்று சட்டம் சொல்கிறது. "நோட்டீசு கொடுக்கவே கூடாது" என்று சொல்லவில்லையே! அவசரம் என்றால் அப்படிச் செய்ய ஒரு வசதி, அவ்வளவுதான். மற்ற நேரத்தில் நோட்டீசு கொடுத்து, அந்த மனிதன் சொல்வதைக் கேட்க வேண்டும். என்ன சொல்லிவிடப் போகிறான் என்று முன்கூட்டியே முடிவு கட்டக் கூடாது. கேட்கப்படுவதே ஒரு மரியாதை.

பிரிவு பிழைத்தது. ஆனால் சிங்வியின் வாதம் பிழைக்கவில்லை.

அப்படியானால் ஜெயித்தது யார்? ஏழைகள் என்று பாடப் புத்தகம் சொல்லும். ஆனால் உத்தரவைப் படித்தால் மாநகராட்சியும் வெறுங்கையோடு போகவில்லை. நடைபாதை நடக்கத்தான், குடிசையை அகற்றலாம் என்றே கோர்ட்டு சொல்லிற்று. 1976–ல் எடுத்த கணக்கில் பெயர் இருப்பவர்களுக்கு மாற்று இடம் தரவேண்டும். 20 வருடமாக இருக்கும் சேரிகளை, பொதுக் காரியத்துக்கு நிலம் தேவைப்பட்டால் ஒழிய, தொடக் கூடாது. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம், அதாவது 1985 அக்டோபர் 31–ந் தேதி வரை எந்தக் குடிசையையும் பிரிக்கக் கூடாது.

இடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மழையில் இடிக்காதே என்றது.

இந்த வழக்கில் வந்த சேரிகளில் ஒன்றின் பெயர் காமராஜ் நகர். விலே பார்லேயில், நெடுஞ்சாலை ஓரம். அந்தச் சாலையோரமாகத் தண்ணீர்க் குழாய் பதித்த கம்பெனியின் கூலி ஆட்கள் போட்ட குடிசைகள் என்று மனுவில் சொன்னார்கள். ஊருக்குத் தண்ணீர்க் குழாய் போட்டவர்கள்!

"பணம் இல்லை" என்ற பதில்

மாநகராட்சி வக்கீலிடம் ஆபீசு எழுதிக் கொடுக்கிற பதில்களில் ரொம்பப் பழையது ஒன்று உண்டு. "நிதி இல்லை."

மத்தியப்பிரதேசத்தில் ரத்லம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வார்டில் சாக்கடை இல்லை. சாராய ஆலைக் கழிவு நீர் தெருவில் ஓடிற்று. கக்கூஸ் வசதி இல்லாத சனங்கள் அந்த வழியையே கழிப்பிடமாக ஆக்கிக்கொண்டார்கள். கொசு, நாற்றம். முனிசிபாலிடியிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்த ஜனங்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். கிரிமினல் நடைமுறைச் சட்டம் 133–வது பிரிவில், பொதுத் தொல்லை என்று புகார்.

ஆறு மாதத்துக்குள் திட்டம் போட்டு வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட்டு உத்தரவு போட்டார். முனிசிபாலிடி என்ன செய்தது? சாக்கடை தோண்டினதா? அப்பீல் தோண்டிற்று! செஷன்ஸ் கோர்ட்டு, ஐகோர்ட்டு, கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு.

அங்கே சொன்ன சாக்கு ஒன்று மகா வேடிக்கை. அந்த ஜனங்கள் தெரிந்தே, கண் திறந்தபடியே, அந்த இடத்தில் வீடு வாங்கினார்கள். இப்போது நாறுகிறது என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டது முனிசிபாலிடி! இன்னொரு சாக்கு, பணம் இல்லை.

அந்த வாதங்களைக் கேட்டவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். சென்னையில் சட்டம் படித்தவர். 1980 ஜூலை 29–ந் தேதி தீர்ப்புச் சொன்னார். ஊரைச் சுத்தமாக வைப்பதற்குத்தான் முனிசிபாலிடி இருக்கிறது, காசு இல்லை என்று சொல்லி அந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். சுமார் 6 லட்சம் ரூபாய் திட்டம் ஒன்றைக் கோர்ட்டே எடுத்துக் கொடுத்தது. ஒரு வருடத்துக்குள் முடி என்றது. முடிக்காவிட்டால் அதிகாரிகள் தண்டனைக்கு ஆளாக நேரும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தது.

அத்தனை கோர்ட்டு ஏறி இறங்கிய செலவில் சாக்கடையில் பாதியாவது தோண்டியிருக்கலாமே என்று ரத்லத்து ஆசாமி கேட்டால் வக்கீல் என்ன பதில் சொல்வார்? முதல் நாளே "இதில் அப்பீல் வேண்டாம், வேலையைப் பாருங்கள்" என்று பைலில் எழுதுவதற்குத்தான் மூத்த வக்கீல் வேண்டும். ஜூனியர் எழுதினால் கேட்க மாட்டார்கள்.

விழுந்த மணிக்கூண்டு

டெல்லி சாந்தினி சவுக்கில், டவுன் ஹாலுக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு இருந்தது. முனிசிபல் கமிட்டிக்குச் சொந்தம். 1951–ல் ஒரு நாள் சரிந்து விழுந்தது. உயிர்ச் சேதம். இறந்தவர்களின் குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டார்கள்.

வெளியே தெரியாத உள் கோளாறு, எங்களுக்கு எப்படித் தெரியும் என்றது மாநகராட்சி தரப்பு. 1966–ல் சுப்ரீம் கோர்ட்டு கணக்கைப் பார்த்தது. கூண்டுக்கு வயது 80. அந்த மாதிரிக் காரைக் கட்டடத்தின் ஆயுள் 40, 45 வருடம்தான். ஆயுள் முடிந்து இத்தனை வருடம் ஆயிற்றே, சோதித்துப் பார்த்தீர்களா? பதில் இல்லை. நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று.

பழைய கட்டடத்தைச் சோதித்த ரிப்போர்ட் ஒரு தாள் இருந்திருந்தால் வக்கீலுக்கு நாக்கு இருந்திருக்கும்.

லண்டனில் நடந்த கூத்து

வெள்ளைக்காரர் ஊரில் மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் நகர சபை. தலைவி ஷெர்லி போர்ட்டர் என்ற சீமாட்டி. 1986 தேர்தலில் அவர் கட்சி மயிரிழையில் பிழைத்தது.

அடுத்த தேர்தலுக்கு ஒரு யோசனை. நகர சபைக்குச் சொந்தமான வாடகை வீடுகள் காலியானால், வேறு ஏழைக் குடும்பத்துக்கு விடாமல் விற்றுவிடுவது. வாங்குகிறவன் நம் கட்சிக்கு ஓட்டுப் போடுவான் அல்லவா? எங்கே விற்பது? வெற்றி தோல்வி ஊசலாடும் எட்டு வார்டுகளில்!

1987–ல் ஒரு மூத்த வக்கீலிடம் கருத்துக் கேட்டார்கள். அந்த வார்டுகளில் மட்டும் விற்பது சட்டப்படி செல்லாது என்றார் அவர்.

அதோடு நிறுத்தினார்களா? நகரம் முழுக்க விற்பதாகத் திட்டத்தை விரித்துக் காட்டினார்கள். ஆனால் அந்த எட்டு வார்டுகளில் விற்பனைக்கு ஒதுக்கியது 74 சதவிகித வீடுகள். மற்ற இடங்களில் 28 சதவிகிதம். வக்கீல் "கூடாது" என்றதை "எப்படி மறைப்பது" என்பதற்கு வழிகாட்டியாக ஆக்கிவிட்டார்கள்!

தணிக்கை அதிகாரி ஜான் மகில் விடவில்லை. வழக்கு ஏறி இறங்கி, 2001 டிசம்பரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் முன் முடிந்தது. அப்போது அங்கே அதுதான் கடைசிக் கோர்ட்டு. வக்கீலைக் கேட்டுத்தான் செய்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. இரண்டரைக் கோடி பவுனுக்கு மேல் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்று ஆயிற்று. 2004–ல் 1 கோடியே 23 லட்சம் பவுனுக்கு சமரசம் செய்துகொண்டார் சீமாட்டி.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்த காலத்தில், 1989–ல், அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு நகர சபையும் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். பெரும்பாலும் சபையின் மூத்த வக்கீலையே அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். சபை செய்யப் போவது சட்ட விரோதம் என்று பட்டால் அவர் அறிக்கை எழுதியே ஆக வேண்டும். எழுதலாம் அல்ல, எழுத வேண்டும்! 21 நாளைக்குள் சபை கூடி அதைப் பரிசீலிக்க வேண்டும். அதுவரை காரியம் நிற்கும்.

நம் ஊரில் வக்கீலின் கருத்து பைலுக்குள்ளேயே தூங்கலாம். யாரும் எழுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

ரிப்பன் கட்டடமும் ஐகோர்ட்டும்

சென்னையில் இந்த வேலை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து வெள்ளை மாளிகைக்கும் பாரிமுனை சிவப்பு மாளிகைக்கும் நடுவில் நடக்கிறது. 1913–ல் திறந்த ரிப்பன் கட்டடத்தில் பைல் பிறக்கும். 1892–ல் திறந்த ஐகோர்ட்டுக் கட்டடத்தில் அதற்கு விடை கிடைக்கும்.

அண்மையில் வக்கீல்களுக்கு ஒரு புதுத் தலைவலி. 1919–ம் ஆண்டின் பழைய சென்னை மாநகராட்சிச் சட்டத்தை நூறு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். பிரிவு நம்பரைச் சொன்னால் குமாஸ்தாகூட விஷயத்தைச் சொல்வார். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் அமுலுக்கு வந்தது. சட்டத்தின் பெயரில் இருக்கும் வருடம் 1998! கால் நூற்றாண்டு தூங்கி எழுந்து வந்த சட்டம். நம்பர்கள் எல்லாம் மாறிப்போயின.

நடைபாதை வழக்கு சென்னைக்கும் வந்தது. பம்பாய் தீர்ப்பு வந்த அதே 1985–ல்தான் சென்னைக் குடிசைவாசிகளின் மனுவும் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. மனுதாரர் கே.சந்துரு. பிறகு சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனவர். 2021–ல் வந்த "ஜெய் பீம்" படம் அவர் வாதாடிய ஒரு வழக்கை வைத்து எடுத்ததுதான்.

மாற்று இடம் தராமல் எங்களை அகற்றக் கூடாது என்பது கோரிக்கை. பம்பாயில் "நோட்டீசே தேவை இல்லை" என்று அடித்துப் பேசினார்கள். இங்கே அரசுத் தரப்பு அப்படிப் பேசவில்லை. குடிசைவாசிகளுக்கு என்னென்ன செய்து வருகிறோம், மாற்று இடம் தருவதுதான் எங்கள் கொள்கை என்று எழுதிக் கொடுத்தது. கோர்ட்டு அதைப் படித்துத் திருப்திப்பட்டது. சட்டை பிடித்துக் கேள்வி கேட்கவில்லை. அந்த அக்கறையை இனிமேலும் காட்டுவீர்கள் என்று நம்புகிறோம் என்று சொல்லி, எழுதிக் கொடுத்ததைத் தீர்ப்பிலேயே பதிந்துவிட்டது.

பதிந்தது பதிந்ததுதான். அதற்குப் பிறகு குடிசையைப் பிரிக்கப் புறப்படுகிற அதிகாரி, "மாற்று இடம் எங்கே சார்?" என்ற கேள்விக்கு முதலில் தன் வக்கீலிடம் பதில் சொல்ல வேண்டும்.